மண்டபம் இல்லாத மாநாடு: மட்டக்களப்பு என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு வணிகர் ஒருவருக்குக் கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு மாநாடு என்றால், முதல்நாள் இரவே அது தொடங்கிவிடும். இரவு ரயிலில் எட்டு, ஒன்பது மணி நேரம். கோட்டை நிலையத்தில் இறங்கி, முகம் கழுவி, ஓட்டோ பிடித்து, குளிரூட்டிய மண்டபத்தில் போய் உட்காரும்போது கண் செருகும். மேடையில் ஒருவர் மாறி ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அவர் அதற்காகப் போகவில்லை. பதினொரு மணிக்குத் தேநீர் இடைவேளை விடுவார்கள். அப்போது கோப்பையோடு தனியே நிற்கும் ஓர் ஏற்றுமதியாளரிடம் இரண்டு நிமிடம் பேசி, ஒரு விசிட்டிங் கார்ட் வாங்கி, வட்ஸ்அப் இலக்கத்தையும் கேட்டுக்கொண்டால் வந்த செலவுக்கு வழி பிறந்துவிடும். அன்றிரவே திரும்ப ரயில்.

மாநாடு நடத்துகிறவர்கள் ஒப்புக்கொள்ளாத, போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மேடை ஒரு சாக்கு. வியாபாரம் தேநீர் மேசையில் நடக்கிறது.

கொவிட் காலத்தில் மாநாடுகளை இணையத்துக்குக் கொண்டுபோனவர்கள் மேடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். இலங்கை முதலீட்டுச் சபையும் கொழும்பு பங்குச் சந்தையும் இலங்கை வர்த்தக சம்மேளனமும் சேர்ந்து 2021 யூன் 7 முதல் 9 வரை நடத்திய இலங்கை முதலீட்டு மன்றம் முழுக்கத் திரையில்தான் நடந்தது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் நடத்தும் தமிழ் இணைய மாநாடும் 2020இல் திரைக்கு மாறியது. விசா வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம், வாகரையில் இருப்பவரும் கேட்கலாம் என்பது பெரிய லாபம்தான். ஆனால் சூமில் இருநூறு பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்க வழியில்லை. கூட்டம் முடிந்ததும் 'லீவ்' பொத்தானை அழுத்தினால் எல்லோரும் ஒரே நொடியில் மறைந்துபோவார்கள். வாசலில் நின்று பேச வாசலே இல்லை.

மெய்நிகர் உலகம் நிரப்பப் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான். கணினிக்குள் ஓர் இடம். அதில் உங்களுக்கென ஓர் உருவம். அந்த உருவத்தை நடத்திக்கொண்டு போய் இன்னோர் உருவத்தின் அருகில் நிறுத்தினால் அவர் குரல் கேட்கும். விலகினால் குறையும். இன்னும் விலகினால் கேட்காது. இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் அலங்காரம். அலங்காரத்தில் காசைக் கொட்டியவர்கள் கதை பிறகு வரும். முதலில், ஒழுங்காக நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

ஐபிஎம் போட்ட கணக்கு

2008ஆம் ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. கொம்பனிகள் முதலில் கைவைத்தது பயணச் செலவில். ஐபிஎம்மின் தொழில்நுட்பக் கழகம், நாடுகள் தோறும் சிதறிக் கிடக்கும் தன் மூத்த பொறியியலாளர்களைக் கூட்டும் மாநாடொன்றை 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்துக்குள் நடத்தியது. செகண்ட் லைஃப், 2003இல் சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லாப் திறந்துவிட்ட உலகம். விளையாட்டுப் போல் தோன்றும், ஆனால் வெற்றி தோல்வி கிடையாது. நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கடை போடலாம்.

இருநூறுக்கு மேற்பட்டோர் பங்குகொண்டார்கள். மூன்று தலைமையுரைகள், 37 சிறு அமர்வுகள். ஏறத்தாழ 80,000 டொலர் செலவழித்து, பயணத்திலும் மண்டபத்திலும் 2,50,000 டொலருக்கு மேல் மிச்சம் பிடித்ததாகக் கணக்குக் காட்டினார்கள். பங்குபற்றியவர்கள் கூட்டம் முடிந்ததும் தத்தம் வேலைக்கே திரும்பிவிட்டதால் இன்னும் 1,50,000 டொலர் லாபம் என்றார்கள். எல்லாம் கழித்துப் பார்த்தால் 3,20,000 டொலர் நன்மை. இது லிண்டன் லாப் தன் சரக்கை விற்க வெளியிட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். அந்த ஒன்றரை இலட்சம் 'வேலை நேர லாபத்தை' எந்தக் கணக்காளரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டார். அதைத் தள்ளிவிட்டாலும் 1,70,000 டொலர் மிஞ்சுகிறது. அது சின்னத் தொகை அல்ல.

தொகையைவிட அவர்கள் செய்த இரண்டு ஏற்பாடுகள் நமக்கு முக்கியம். மாநாட்டுக்கு முன்பே பயிற்சி கொடுத்தார்கள்: எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, ஒலிவாங்கியை எப்படித் திறப்பது. உலகின் பெரிய கணினிக் கொம்பனியின் மூத்த பொறியியலாளர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்து, அமர்வுகளுக்கு இடையில் சும்மா நின்று பேச இடம் விட்டார்கள். மாநாடு முடிந்த பிறகும் பலர் போகாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சூம் கூட்டம் முடிந்த பிறகு நின்று பேசிய எவரையாவது உங்களுக்குத் தெரியுமா?

அந்த நாட்களின் கட்டடக்கலைத் தந்திரம் ஒன்றும் சுவையானது. செகண்ட் லைஃபில் நிலம் சதுரத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக இயங்கும். ஒரு துண்டில் ஐம்பது, நூறு பேர் கூடினாலே இயக்கம் திணறிவிடும். ஆகவே பெரிய கூட்டம் நடத்துகிறவர்கள் நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலையில் மண்டபத்தைக் கட்டினார்கள். மேடை நடுவில், பார்வையாளர் நாலா பக்கமும், ஒவ்வொரு கால்வாசிக் கூட்டமும் ஒவ்வொரு துண்டில். மண்டபம் ஒன்று போலத் தெரியும், உள்ளே நான்கு.

நம் பக்கத்து நாடும் அங்கே கால் வைத்திருக்கிறது. 2007 மே 22ஆம் திகதி செகண்ட் லைஃபில் தூதரகம் திறந்த முதல் நாடு மாலைதீவு. சுவீடன் சில நாள் பிந்தித்தான் வந்தது. சின்னத் தீவு நாடு, எல்லாத் தலைநகரிலும் தூதரகம் கட்ட வசதியில்லை, ஆகவே ஒரு திரைத் தூதரகம். யோசனையில் பிழையில்லை. எட்டத்தில் இருப்பவனுக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் தேவை, நடுவில் இருப்பவனுக்கு அல்ல. மட்டக்களப்பும் எட்டத்தில் இருக்கும் ஊர்தான்.

கோட்டைகள் விழுந்த கதை

2021 ஒக்டோபர் 28ஆம் திகதி பேஸ்புக் கொம்பனி தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. உலகம் முழுவதும் 'மெட்டாவெர்ஸ்' காய்ச்சல். கண்ணை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டம் நடத்தப்போகிறோம் என்றார்கள். அந்தக் கருவிகளையும் உலகங்களையும் செய்யும் பிரிவில் மெட்டா 2022இல் 13.7 பில்லியன், 2023இல் 16.1 பில்லியன், 2024இல் 17.7 பில்லியன் டொலர் நட்டம் காட்டியது.

பெரியவர்கள் நட்டத்தைத் தாங்குவார்கள். மற்றவர்கள் பாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவிப் பிரிவு 3,87,000 யூரோ செலவில் ஒரு மெய்நிகர் உலகம் கட்டி, இளைஞர்களை ஈர்க்க 2022 நவம்பர் 29ஆம் திகதி அதில் ஒரு கொண்டாட்டம் வைத்தது. கடற்கரை, இசை, நடனம் எல்லாம் இருந்தன. உள்ளே போன ஒரு பத்திரிகையாளர் தன்னோடு சேர்த்து அரை டசின் பேரைத்தான் கண்டார். மண்டபத்தைக் கட்டியவர்களுக்கு, யார் எதற்காக வருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஊரில் திறப்பு விழாவோடு பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கதையே அல்ல.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த உலகங்களுக்கு ஆயுள் குறைவு. மைக்ரோசொப்ட் தன் 'ஆல்ட்ஸ்பேஸ் வீஆர்' உலகத்தை 2023 மார்ச் 10ஆம் திகதி மூடியது. 2020இல் அத்லாந்தாவில் நடக்கவிருந்த ஐஈஈஈ பொறியியலாளர் அமைப்பின் மெய்நிகர் யதார்த்த மாநாடு கொவிட்டால் இடம்பெயர்ந்து தஞ்சம் புகுந்தது மொசிலாவின் 'ஹப்ஸ்' தளத்தில். அந்த ஹப்ஸையும் மொசிலா 2024 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. அங்கே கட்டிய மண்டபம், போட்ட கடை, சேர்ந்த பெயர்ப் பட்டியல் எதுவும் உங்கள் சொத்தல்ல. வாடகை வீட்டில் சுவருக்குப் பளிங்குக்கல் பதிக்கிறவன் யாரும் உண்டா?

விழுந்தவை நடுவே நெஞ்சைத் தொட்ட ஒன்றும் உண்டு, அது தமிழ்நாட்டில் நடந்தது. 2022 பெப்ரவரி 6ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம். தொற்றுக் காலம் என்பதால் கூட்டம் சேர்க்க முடியாது. ஆகவே வரவேற்பை மெய்நிகர் உலகத்தில், ஹாரி பாட்டர் பள்ளிக்கூடக் கோட்டை போன்ற ஒரு அரங்கில் வைத்தார்கள். மந்திரக் கோட்டையைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு: மணமகளின் காலமான தந்தையின் உருவம் அங்கே நின்று வந்தவர்களை வரவேற்றது. எந்தக் கல்யாண மண்டபமும் தர முடியாத ஒன்றை அந்தத் திரை தந்தது. மண்டபம் தரக்கூடியதையே திரையிலும் திரும்பத் தருவதென்றால் அந்தச் செலவுக்கு நியாயமில்லை.

வாவிக்கரைக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனையை எட்டிப் பார்க்கிறது. கிழக்கே எழுவான்கரையில் நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று தெருவோரம் நெருங்கிய ஊர்கள். மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்காரர் நகரத்துக்கு வர பாதைப் படகுக்குக் காத்து நின்றார்கள். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் அந்தப் படகுதான் பழக்கம். ஆகவே 'தூரத்தில் இருப்பவர்' என்றால் ரொறன்ரோக்காரர் மட்டுமல்ல, வாவிக்கு அந்தப் பக்கம் பால் கறக்கிறவரும்தான்.

இந்த மண்ணில் விற்க என்னென்ன இருக்கின்றன? எருமைத் தயிர், நெல், வாவி நண்டு, இறால், மரமுந்திரிகைப் பருப்பு, மருதமுனைக் கைத்தறி, பன்பாய், பாசிக்குடாவின் ஹோட்டல் அறைகள். இப்போது எழுத்தும் மென்பொருளும் விற்கும் இளைஞர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மெய்நிகர் மாநாடு பொருந்தாது. நண்டு வாங்குகிறவர் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டை அமுக்கிச் சதை நிறைந்ததா என்று பார்க்க வேண்டும். சேலை வாங்குகிறவர் நூலை விரலால் தடவ வேண்டும். தயிருக்கு வாயில் வைக்கும் சோதனை தவிர வேறில்லை. இவற்றை முப்பரிமாணத்தில் எத்தனை அழகாகச் சுழற்றிக் காட்டினாலும் ஓடர் விழாது. ஆனால் ஹோட்டல் அறையை உலகமே படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறது. மென்பொருள் வேலையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பிறநாட்டில் வாழும் மட்டக்களப்பார் ஊரில் முதலிட வந்தால் அவர்கள் பார்ப்பது சரக்கை அல்ல, ஆளை. ஆளைப் பார்க்க அருகில் நின்று பேசினால் போதும். தொடங்கும் இடம் இந்த மூன்றும்தான்.

சரி, எந்தக் கருவியில்? தலையில் மாட்டும் கருவிகளை மறந்துவிடுங்கள். மெட்டா 2024இல் மலிவாக வெளியிட்ட குவெஸ்ட் 3எஸ் அப்போது 300 டொலர். வரியைச் சேர்க்காமலே 90,000 ரூபா அளவில் வரும். 2026 முதல் 30,000 ரூபாவாக உயர்ந்த தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் மூன்று மாதக் காசு அது. வாங்கினாலும் அரை மணி நேரத்தில் பலருக்குத் தலை சுற்றும். உலாவியில் திறக்கும் தட்டையான உலகங்கள் உண்டு. 'கேதர்' போன்றவற்றில் பழைய வீடியோ விளையாட்டுப் போல மேலிருந்து பார்க்கும் வரைபடமும் குட்டி உருவங்களும் இருக்கும். அருகில் போனால் முகம் திரையில் வரும், குரல் கேட்கும். அழகில்லை. ஆனால் தேநீர் மேசை இருக்கிறது. இப்படிப்பட்ட தளங்கள் பலவும் கணினிக்காகச் செய்யப்பட்டவை, கைபேசியில் முழுதாக ஓடுவதில்லை. ஆகவே தளத்தைத் தெரிவுசெய்யும் குழு கொழும்பின் புதிய மடிக்கணினியில் சோதிக்கக் கூடாது. வவுணதீவில் மூன்று வருடம் பழைய அண்ட்ராயிட் கைபேசியில் சோதிக்க வேண்டும். அதில் ஓடாத உலகம் நமக்கு உலகம் அல்ல.

படத்தை விட்டுக் குரலை மட்டும் எடுத்தால் செலவு எவ்வளவு இறங்குகிறது பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட் என்று கணக்கிட்டால் ஒரு மணி நேரக் குரலுக்கு 30 மெகாபைட் கூட ஆகாது. வீடியோ அதை விழுங்கி ஏப்பம் விடும்.

துடுப்பில் காது

குரல் விஷயத்தில் மட்டக்களப்பாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தடியில், 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் கீழ், நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்கள் உண்டு. பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் 1954இல் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலியில் அது ஒலித்தது. தோணியைப் பத்து முழம் தள்ளினால் அந்தப் பாட்டு இல்லை. எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே கேட்பது.

மெய்நிகர் உலகத்தின் முழு இரகசியமும் அதுவே. செகண்ட் லைஃப் 2007இல் குரலைச் சேர்த்தபோது, பேசுபவர் இடப்பக்கம் நின்றால் இடது காதில், தள்ளி நின்றால் மெல்லிசாகக் கேட்கும்படி செய்தார்கள். ஆகவே மாநாட்டைத் திட்டமிடுகிறவர் மேடையை எங்கே வைப்பது என்று யோசிப்பதைவிட, மேசைகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் விடுவது என்று யோசிக்க வேண்டும். மேசைகள் நெருங்கினால் சந்தை இரைச்சல். விலகினால் ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். ஒரு மேசைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெயர்ப்பலகை: 'பாசிக்குடா அறைகள்', 'மொழிபெயர்ப்பு வேலை', 'ஊரில் முதலீடு'.

பெயர்ப்பலகை என்றதும் ஒரு தொல்லை வருகிறது. முப்பரிமாண உலகங்கள் பலவற்றைக் கட்டும் யூனிட்டி மென்பொருளில் எழுத்துக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட் மெஷ் புரோ, தமிழ் போன்ற எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாமல் நீண்டகாலம் இருந்தது. 'கொக்கட்டிச்சோலை' என்று எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் வர்த்தகர் மாநாட்டில் ஊர்ப் பெயரே உடைந்து தொங்கினால் மானக்கேடு. ஒப்பந்தம் போடுமுன் பத்து ஊர்ப் பெயர்களைத் தட்டச்சுச் செய்து பாருங்கள். சரியாக வரவில்லையென்றால் பலகைகளைப் படமாகவே செய்து ஒட்டிவிடலாம். இதை யாரும் விற்பனைக் கையேட்டில் எழுதமாட்டார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை விளக்கில்லாமல் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு நிறுத்தக்கூடிய மாநாட்டை ஆளாளுக்குத் தனியாக வீட்டிலிருந்து நடத்தக் கூடாது. கல்லடியில் ஒரு மண்டபம், கொக்கட்டிச்சோலையில் ஒன்று, வாழைச்சேனையில் ஒன்று. மூன்றிலும் மின்பிறப்பாக்கி, பைபர் இணைப்பு, பத்துக் கணினி. உள்ளூர் ஆட்கள் அங்கே வந்து உட்கார்ந்து திரைக்குள் போகட்டும். அவர்களுக்கு உண்மையான பிளேன்டீயும் கிடைக்கும். பக்கத்தில் நின்று கைகொடுக்க வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள். ட்ரீம்ஸ்பேஸ் அக்கடமி போன்ற புத்தாக்க மையமும் நகரத்தில் உண்டு. ஐபிஎம் தன் பொறியியலாளருக்குக் கொடுத்த அந்த முன்பயிற்சியை இந்தப் பிள்ளைகள் தமிழில் கொடுப்பார்கள்.

நேரத்தையும் பார்த்து வைக்க வேண்டும். கோடைகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மட்டக்களப்பில் தொடங்கினால் லண்டனில் பகல் இரண்டு, சூரிச்சில் மூன்று, ரொறன்ரோவில் காலை ஒன்பது. சிட்னிக்காரருக்கு இரவு பதினொன்று. அவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எல்லோருக்கும் நல்ல நேரம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. இரண்டு மணி நேரம் போதும். அதில் மேடைப் பேச்சுக்கு இருபது நிமிடம். அமைச்சர், தவிசாளர், விளக்கேற்றல் எதுவும் வேண்டாம். மெய்நிகர் குத்துவிளக்கை அசைபடத்தில் ஏற்றும் யோசனை எவருக்காவது வந்தால் அவரை அன்போடு தடுத்துவிடுங்கள்.

அங்கே பேசி முடித்த பேரம் செல்லுமா என்று வயதானவர்கள் கேட்பார்கள். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வழி ஒப்பந்தத்தை ஏற்கிறது. ஆனாலும் உருவங்கள் கைகுலுக்கியதை நம்பி எவரும் சரக்கு அனுப்பக் கூடாது. பேச்சு திரையில் நடக்கட்டும், விலையும் அளவும் மின்னஞ்சலில் வரட்டும். வந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கங்களைச் சேர்ப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அவர்களின் சம்மதத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலை அன்றிரவே தளத்திலிருந்து எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் உலகத்தில் கட்டியது எதுவும் நாளை இருக்காது. பட்டியல் இருந்தால் மாநாடு இருக்கும்.

இதற்குக் கோடி ரூபா தேவையில்லை. கோடி ரூபா கேட்டு ஒரு கொம்பனி வந்து, முப்பரிமாணத்தில் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டித் தருகிறோம், ஒல்லாந்தர் பீரங்கியும் வைக்கிறோம் என்று படம் காட்டும். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கே கட்டுப்படியாகாதது நமக்கு எதற்கு?

மட்டக்களப்பு மாவட்ட வர்த்தக, கைத்தொழில், விவசாய சம்மேளனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு பெரிய விழாவை எண்ணாதீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாற்பது பேர், எட்டு மேசை. முதல் கூட்டத்துக்குத் தயிரையும் நண்டையும் கொண்டுவர வேண்டாம். பாசிக்குடா அறைகளை வையுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஓர் அறையாவது விற்றால் இரண்டாவது கூட்டத்தைக் கூட்டுங்கள். விற்காவிட்டால் மேசைகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். அதற்கும் விற்காவிட்டால் நிறுத்திவிட்டு இரவு ரயிலுக்குச் சீட்டு எடுங்கள்.